இல்லாத கல்லுக்கும் ஊர் உண்டு

டோல்கீனின் ‘மோதிரங்களின் அரசன்’ நாவலில், மோரியா என்ற பழைய குள்ளர் சுரங்கத்தின் அறை ஒன்றில் ஓர்க் தலைவன் பாய்ந்து வந்து ஃப்ரோடோவின் விலாவில் ஈட்டியைச் செருகுகிறான். ஆள் முடிந்தான் என்றுதான் கூட இருப்பவர்கள் நினைக்கிறார்கள். வாசிக்கிற நாமும் அப்படித்தான் நினைக்கிறோம். சுரங்கத்தைவிட்டு வெளியே வந்தபிறகு, கூட வந்த அரகார்ன் அவனுடைய மேல்சட்டையைக் கழற்றிப் பார்க்கிறார். உள்ளே வெள்ளியாக மின்னும் வளையக் கவசம். ஈட்டியால் அதைத் துளைக்க முடியவில்லை. கதை அங்கேயே நின்றிருந்தால் அதுவும் எத்தனையோ கதைகளில் வருகிற மாயக் கவசங்களில் ஒன்றாகப் போயிருக்கும். டோல்கீன் நிறுத்தவில்லை. கவசத்துக்கு அடியில் மெல்லிய தோல் சட்டை ஒன்று இருக்கிறது. ஓரிடத்தில் கவசத்தின் வளையங்கள் அந்தத் தோலையும் தாண்டிச் சதைக்குள் பதிந்திருக்கின்றன. விலாவும் மார்பும் கன்றிக் கறுத்துக் கிடக்கின்றன.

அந்தக் கன்றலைப் படித்த இடத்தில்தான் நான் மித்ரில் என்ற அந்தக் கவசத்தின் உலோகத்தை நம்பினேன். வளையக் கவசம் துணியைப் போல மடங்கக்கூடியது. கூர்முனையைத் தடுக்கும், குத்தின் வேகத்தைத் தடுக்காது. உண்மையான இரும்பு வளையக் கவசத்துக்கும் இதே குறைதான். உலகத்திலேயே இல்லாத ஓர் உலோகத்துக்கு, உலகத்தில் இருக்கிற கவசத்தின் குறையை அப்படியே கொடுத்துவிட்டார் அவர். உடம்பில் வளையத்தின் அச்சு விழுந்ததும் அந்த உலோகத்துக்கு எடை வந்துவிடுகிறது, விளிம்பு வந்துவிடுகிறது.

கற்பனை உலகங்களைக் கட்டுகிறவர்கள் கனிமங்களை உண்டாக்குவதில் தனி ஆசை உள்ளவர்கள். அறிவியல் புனைவு, மாயப் புனைவு, காமிக்ஸ், வீடியோ கேம் என்று எங்கே தொட்டாலும் புதிதாக ஒரு கல் கிடைக்கும். பெரும்பாலானவை மனதில் தங்குவதில்லை. எதையும் வெட்டும், எதையும் தாங்கும், எல்லா நோயையும் தீர்க்கும் என்று பட்டியல் நீளும்போதே கல் கையைவிட்டு நழுவிவிடும். நிற்பவை வேறு வகை. அவற்றுக்கு ஓர் ஊர் இருக்கும், தோண்டிய கை இருக்கும், செய்ய முடியாத காரியம் ஒன்றும் இருக்கும். அந்த வகையில் எனக்குப் பிடித்த சிலவற்றை நிதானமாகத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக ஆசை.

மித்ரிலை விட்டு உடனே நகர மனம் வரவில்லை. 1954-இல் வெளிவந்த நாவலின் முதல் பாகத்தில், மோரியாவின் இருட்டுக்குள் நடந்துகொண்டே மந்திரவாதி காண்டால்ஃப் அதன் கதையைச் சொல்கிறார். குள்ளர்கள் எதற்காக இந்தப் பாழிடத்துக்குத் திரும்பி வர வேண்டும்? பொன்னுக்கோ மணிக்கோ இரும்புக்கோ இல்லை. அவை வேண்டுமென்றால் வியாபாரத்தில் வாங்கிக்கொள்ளலாம். மித்ரில் மட்டும் இங்கேதான் கிடைக்கும். அதன் மதிப்பு ஒரு காலத்தில் பொன்னைப்போல் பத்து மடங்கு. இப்போது விலையே கிடையாது. ஏனென்றால் தரைக்கு மேல் மிச்சம் இருப்பது கொஞ்சம், கீழே போய்த் தோண்ட ஓர்க்குகளுக்கே பயம். ஒரு மந்திரவாதி பேசுகிற பேச்சாகவே இது இல்லை. ஊரின் பொருளாதாரத்தைக் கரைத்துக் குடித்த பெரியவர் ஒருவர் சொல்வதுபோல் இருக்கிறது.

அடுத்து வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம். மித்ரில் கனிம ஓட்டமாகப் பாறைக்குள் கிடக்கிறது. அந்த ஓட்டம் வடக்கே காரத்ராஸ் மலையை நோக்கிப் போகிறது. போகப் போக இருட்டுக்குள் இறங்குகிறது. உண்மையான உலோகங்கள் பலவும் இப்படித்தான் இருக்கின்றன. பாறை வெடிப்புகளின் வழியே சூடான நீர் ஏறிவந்து, கொண்டுவந்ததை அங்கே படியவைத்துவிட்டுப் போகிறது. ஓட்டம் எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம்தான் சுரங்கமும் போயாக வேண்டும். தோண்டுகிறவனின் விருப்பத்துக்கு அங்கே இடமில்லை. வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போன தமிழ்க் குடும்பங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. தங்க ஓட்டத்தைத் துரத்திக்கொண்டு அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. ஆழம் கூடக் கூடச் சூடு ஏறியது. மேலிருக்கும் நிலத்தின் அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறுவதும் நடந்தது. 2001-இல் சுரங்கத்தை மூடினார்கள். மோரியாவின் குள்ளர்களும் ஓட்டத்தைத் தொடர்ந்து இறங்கி இறங்கி, கடைசியில் பால்ரோக் என்ற நெருப்புப் பூதத்தை எழுப்பிவிடுகிறார்கள். பேராசைக்குக் கிடைத்த தண்டனை என்று இதைச் சொல்வார்கள். எனக்கு அந்த ஓட்டத்தின் சரிவுதான் முதலில் கண்ணில் படுகிறது. ஓட்டம் கிடையாகப் போயிருந்தால் பூதம் இன்னும் தூங்கிக்கொண்டிருந்திருக்கும். மோரியாவின் விதியைக் கனிமம் கிடக்கிற கோணத்தில் வைத்தவரை என்னவென்று பாராட்டுவது!

மித்ரில் டோல்கீனின் மனதில் ஒரே நாளில் உண்டானதும் இல்லை. 1937-இல் வெளிவந்த ‘தி ஹாபிட்’ முதல் பதிப்பில், தோரின் என்ற குள்ளன் கதாநாயகன் பில்போவுக்குக் கொடுக்கும் கவசம் வெறும் வெள்ளிப் பூச்சிட்ட எஃகு. ‘மோதிரங்களின் அரசன்’ எழுதி முடித்து, மித்ரில் தனக்கென்று மலையும் வரலாறும் பெற்ற பிறகு, 1966-இல் பழைய புத்தகத்தைத் திருத்தும்போது அந்த இடத்தில் பெயரைச் சேர்த்தார். ஆக, மூன்று பதிப்பாண்டுகளுக்கு இடையே ஓர் எஃகுச் சட்டை மெல்ல மெல்ல மித்ரிலாக மாறியிருக்கிறது. ஃப்ரோடோவுக்குக் கொடுப்பதற்கு முன் அதை பில்போ என்ன செய்தான் தெரியுமா? ஊர் அருங்காட்சியகத்தில் கொடுத்து வைத்தான். அவர்கள் ஊரான ஷையர் முழுவதையும் விற்றாலும் அந்தச் சட்டைக்கு ஈடாகாது என்று காண்டால்ஃப் சொல்லும்போது, இவ்வளவு நாளும் அதைச் சாதாரணமாகப் போட்டுக்கொண்டிருந்த ஃப்ரோடோ தடுமாறிப் போகிறான். விலை தெரியாத கையில் விலையற்ற பொருளைக் கொடுத்ததால்தான் கதையில் அதன் விலை நமக்கு உறைக்கிறது.

மித்ரிலிலிருந்து எல்ஃபுகள் இத்தில்டின் என்று ஒன்றைச் செய்கிறார்கள். மோரியாவின் மேற்கு வாயிலில் அதைக்கொண்டு கோலங்கள் இழைத்திருக்கிறார்கள். பகலில் வெறும் பாறைதான் தெரியும். நிலா வெளிச்சமோ நட்சத்திர வெளிச்சமோ பட்டால்தான் கோடுகள் மின்னும். இதைப் படிக்கிற தமிழ் வாசகருக்குச் சந்திரகாந்தக் கல் நினைவுக்கு வராமல் போகாது. நிலவு பட்டால் நீர் கசியும் என்று நம் இலக்கிய மரபு சொல்லிவந்த கல் அது. அதன் இணையான சூரியகாந்தம் வெயில் பட்டால் நெருப்பைக் கக்கும். நாகத்தின் தலையில் மாணிக்கம் இருப்பதும் அதே வரிசைதான். கனிமங்களைக் கற்பனை செய்வது நமக்கு ஒன்றும் புதிதில்லை. இந்த இரண்டு காந்தங்களின் அழகும் அவற்றின் அடக்கத்தில் இருக்கிறது. சந்திரகாந்தம் வேறு எதுவும் செய்யாது. நிலா வேண்டும், அப்போது ஈரம் கசியும், அவ்வளவுதான். பகலில் அதைக் கையில் வைத்திருப்பவனுக்குச் சாதாரணக் கல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மதுரையின் மணிக்கடைத் தெருவை இளங்கோவடிகள் காட்டும்போது, வைரத்துக்கு என்னென்ன குற்றங்கள் உண்டு என்பதிலிருந்துதான் தொடங்குகிறார். காகத்தின் கால்போன்ற கீறல், கறை, புள்ளி, கோடு ஆகியவை இல்லாத வைரம் என்று சொல்லும்போதே, இருக்கிற வைரங்களையும் நாம் பார்த்துவிடுகிறோம். விற்கிறவன் கண்ணும் வாங்குகிறவன் கண்ணும் அந்த வரிகளில் இருக்கின்றன. கல்லை நம்பவைக்க அதன் குற்றத்தைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்ற கைத்திறன் அவருக்கு அப்போதே வசமாகியிருந்தது.

இனி அறிவியல் புனைவுப் பக்கம் வருவோம். ஹெச். ஜி. வெல்ஸ் 1901-இல் எழுதிய ‘நிலாவில் முதல் மனிதர்கள்’ நாவலில் கேவோரைட் என்ற பொருள் வருகிறது. கண்ணாடியில் கறுப்புத் தாளை ஒட்டினால் ஒளி தடுக்கப்படுவதுபோல், இது ஈர்ப்பு விசையைத் தடுக்கும். பல உலோகங்களின் கலவை. அதோடு ஹீலியமும் சேர்கிறது. அந்த ஹீலியம் லண்டனிலிருந்து மூடி முத்திரையிட்ட கல் ஜாடிகளில் வந்து இறங்குகிறது. வில்லியம் ராம்சே பூமியில் ஹீலியத்தை, அதுவும் ஒரு யுரேனியக் கனிமத்திலிருந்து பிரித்துக் காட்டியது 1895-இல். அதாவது நாவல் வந்தபோது அது அன்றைய செய்தித்தாள் விஷயம். வாசகன் காதில் விழுந்திருக்கும், கண்ணால் பார்த்திருக்க மாட்டான். அந்த இடைவெளிக்குள் வெல்ஸ் தன் பொருளை வைத்தார். கல் ஜாடி என்ற ஒரு சொல்லில் கேவோரைட்டுக்கு வண்டிக்கூலியும் விலாசமும் வந்து சேர்ந்துவிட்டன.

அதைவிடப் பிரமாதம், அது எப்படிப் பிறக்கிறது என்பது. கலவையை உலையில் சூடாகவே வைத்திருக்க வேண்டும்; ஆறி 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு வந்தால்தான் அதற்குச் சக்தி வரும். அதைச் செய்யும் விஞ்ஞானி கேவோரிடம் வேலைக்கு மூன்று பேர். உலைக்குக் கரி போடுவது யார் என்று அவர்களுக்குள் வழக்கு மூள்கிறது. நிலக்கரி தோண்டி எடுப்பது, ஆகவே மண். மண் வேலை தோட்டக்காரனுக்கு என்கிறான் தச்சன். இல்லை, அது தாது மாதிரியான சரக்கு, போதாக்குறைக்கு நான் இப்போது சமையல்காரன் என்கிறான் முன்பு தோட்டக்காரனாக இருந்தவன். மூன்றாமவனோ, நிலக்கரி என்பதே புதைந்துபோன மரம், ஆகவே தச்சன்தான் போட வேண்டும் என்கிறான். ஒருவனும் போடவில்லை. உலை ஆறுகிறது. கேவோரைட் தானாக விளைந்து, வீட்டுக் கூரையைப் பெயர்த்துக்கொண்டு ஆகாயத்துக்குப் போகிறது. ஒரு கற்பனைக் கனிமம் பிறப்பதற்கு, உண்மையான கனிமம் ஒன்றின் குலம் கோத்திரம் பற்றிய சண்டை காரணமாகிறது! அதிலும் அழகு என்னவென்றால், மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

விளைந்ததும் நடப்பதை வெல்ஸ் சாதாரண இயற்பியலாகவே எழுதுகிறார். கேவோரைட் தகட்டுக்கு மேலே நிற்கும் காற்றுக்கு எடை போய்விடுகிறது. சுற்றியுள்ள காற்று அதை மேலே தள்ளிவிட்டு அந்த இடத்துக்குப் பாய்கிறது. பாய்ந்த காற்றும் எடை இழந்து மேலே போகிறது. தகடு எதனுடனும் கட்டப்படாமல் இருந்ததால் அதுவும் சேர்ந்து பறந்துபோனது. உறுதியாகப் பொருத்தியிருந்தால் பூமியின் காற்று முழுவதும் அந்தத் துளை வழியாக வெளியேறியிருக்கும் என்று கேவோர் பிறகு நிதானமாகக் கணக்குச் சொல்கிறார். பீரங்கியால் சுட்டு மனிதர்களை நிலாவை நோக்கி அனுப்பிய ஜூல் வெர்னுக்கு இந்த உலோகம் பிடிக்கவில்லை. எங்கே, அந்த உலோகத்தைக் காட்டட்டும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் ஒரே ஒரு பொய்யைச் சொல்லி, மற்ற எல்லாவற்றையும் அந்தப் பொய்க்கு உண்மையாக நடக்கவைப்பது ஒரு கலை. அதில் வெல்ஸ் கடைசிவரை நழுவவில்லை.

‘அவதார்’ படத்தின் அனொப்டேனியம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பொறியாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட வழக்குச்சொல்லைக் கொஞ்சமும் மாற்றாமல் அப்படியே கல்லுக்குச் சூட்டிவிட்டார்கள். சோம்பலான பெயர். ஒன்றை மட்டும் ரசிக்கலாம்: சுரங்க நிர்வாகியின் மேசையில் அந்தக் கல் துண்டு அந்தரத்தில் மிதந்துகொண்டிருக்கும். கடுங்குளிரில் மீக்கடத்திகள் காந்தத்துக்கு மேல் மிதப்பதை ஆய்வகங்களில் காட்டுகிறார்கள். அதைச் சாதாரண வெப்பத்தில் செய்யக்கூடிய கனிமம் என்று எடுத்துக்கொண்டால், அந்தக் கிரகத்தில் மலைகள் மிதப்பதற்கும் அதே காரணம் போதுமானதாகிவிடுகிறது. மேசை மேல் ஒரு விரல்கடை, வானத்தில் ஒரு மலைத்தொடர், இரண்டுக்கும் ஒரே விதி.

ஐஸ்-நைனுக்கு வரும்போது கொஞ்சம் பயத்தோடுதான் வருகிறேன். இயற்கையில் உறைந்த பனிக்கட்டியைக் கனிமங்களின் கூட்டத்தில் முறையாகவே சேர்த்திருக்கிறார்கள். ஆகவே கர்ட் வானகட் 1963-இல் ‘கேட்ஸ் க்ரேடில்’ நாவலில் படைத்த இந்தப் பனியும் ஒரு கனிமம்தான். அந்த யோசனை வந்த வழியே சுவையானது. ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்துக்கு வெல்ஸ் வந்திருந்தபோது, நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் இர்விங் லாங்மியூர் அவருக்கு ஒரு கதைக் கரு சொன்னாராம்: சாதாரண வெப்பத்திலேயே கட்டியாக நிற்கும் ஒரு பனி. வெல்ஸ் அதைத் தொடவில்லை. அதே நிறுவனத்தின் மக்கள் தொடர்புப் பிரிவில் வேலை பார்த்த வானகட், இருவரும் காலமானபின் எடுத்துக்கொண்டார். அவருடைய அண்ணன் பெர்னார்ட் அங்கேயே விஞ்ஞானி. வெள்ளி அயோடைடைத் தூவி மேகத்தில் பனித்துகளை உண்டாக்கும் வழியை 1946-இல் கண்டவர். விதையாக ஒரு துகளைப் போட்டால் சுற்றியிருப்பதெல்லாம் அதைப் பார்த்து அடுக்கிக்கொள்ளும் என்பது அந்த வீட்டுப் பேச்சு.

நாவலில் அதை ஒரு விஞ்ஞானி பழப்பெட்டியை வைத்து விளக்குகிறார். ஆரஞ்சுகளைப் பெட்டியில் ஒரு விதமாகவும் அடுக்கலாம், இன்னொரு விதமாகவும் அடுக்கலாம். நீரின் மூலக்கூறுகளும் அப்படித்தான். அடியில் முதல் வரிசை எப்படி உட்கார்ந்ததோ அதைத்தான் மேல் வரிசைகள் பின்பற்றும். ஐஸ்-நைனின் அடுக்கு வேறு. அதன் உருகுநிலை 114.4 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 45.8 டிகிரி செல்சியஸ். அந்தப் புள்ளி நாலில் இருக்கிற நயத்தைப் பாருங்கள். 115 என்றிருந்தால் கதாசிரியர் வைத்த எண், 114.4 என்றால் யாரோ அளந்த எண். 2003 மே மாதம் சென்னையில் வெயில் 45 டிகிரியைத் தொட்டது. அன்றைக்கு அண்ணா சாலையில் ஒரு நிழலில் வைத்திருந்தாலும் அந்தப் பனி உருகியிருக்காது.

இந்தக் கனிமத்துக்கு ஒரே ஒரு குணம்தான். தொட்ட நீரைத் தன்னைப் போல் ஆக்கும். சேற்றில் நடந்து அலுத்துப்போன ராணுவத் தளபதி ஒருவர் சேற்றைக் கெட்டியாக்க வழி கேட்டார் என்ற சில்லறைத் தேவையில் தொடங்குகிறது எல்லாம். கண்டுபிடித்தவர் இறந்ததும் அவருடைய மூன்று பிள்ளைகள் அதைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். பின்னர் ஒரு தீவில், நோயாளி ஒருவர் அதை விழுங்கி விறைத்துக் கிடக்கிறார். அவரைத் தொட்ட மருத்துவர் கை கழுவத் தொட்டித் தண்ணீரில் கையை விடுகிறார். தண்ணீர் முழுதும் நீலமும் வெண்மையுமாக, தொட்டியின் வடிவிலேயே அரைக்கோளமாக இறுகிவிடுகிறது. இது என்ன அதிசயம் என்று அதை நாக்கின் நுனியால் தொட்டுப் பார்க்கிறார். உதட்டில் பனி பூக்கிறது, ஆள் சாய்கிறார். அறிவாளி ஒருவர் ஆர்வத்தில் செய்கிற மிகச் சிறிய செயல், நாக்கு நுனி. அந்த நோயாளி கிடக்கும் அறையிலிருந்து கடல் எவ்வளவு தூரம் என்று வாசகன் மனம் தானாகக் கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

இதன் பின்னால் இருக்கும் வேதியியல் பொய்யில்லை. ஒரே பொருள் வேறு வேறு அடுக்குகளில் படிகமாகும். புதிய அடுக்கு ஒன்று தலைகாட்டிவிட்டால் பழைய அடுக்கைத் திரும்பப் பெறுவதே கடினமாகும். எச்ஐவிக்கான ரிடோனவிர் மருந்தில் 1998-இல் இதுதான் நடந்தது. யாரும் எதிர்பாராத, எளிதில் கரையாத புதிய படிகம் தோன்றி, பழைய படிகம் விளைவது நின்றுபோய், உறைமாத்திரைகளைச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒன்பதாம் பனி என்றே நிஜத்திலும் ஒன்று இருக்கிறது. கடும் குளிரிலும் கடும் அழுத்தத்திலும் மட்டுமே நிற்கும் சாதுவான பனி அது. கடலை ஒன்றும் செய்யாது.

கடைசியாக ஒரு கல். இது எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. சூப்பர்மேனின் பலத்தை உறிஞ்சும் கிரிப்டோனைட் 1943-இல் வானொலித் தொடரில் முதலில் காதில் விழுந்தது. எதற்கும் அசையாத நாயகனுக்கு ஒரு குறை தேவைப்பட்டது; அவன் பிறந்த, பின்னர் அழிந்துபோன கிரகத்தின் துண்டே அந்தக் குறையாக வந்தது. சொந்த மண்ணே நஞ்சாகிறது என்பதைவிட வலிமையான யோசனையை அந்தக் கதைகள் அதன்பிறகு கண்டதாக எனக்குத் தோன்றவில்லை. 2006-இல் வந்த ‘சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்தில், அருங்காட்சியகத்திலிருந்து திருடப்படும் பெட்டியின் மேல் அதன் வேதிப்பெயர் எழுதியிருக்கும்: சோடியம் லித்தியம் போரான் சிலிகேட் ஹைட்ராக்சைடு, ஃபுளோரினுடன். திரையில் ஒரு கணம் வந்துபோகிற எழுத்துக்கு யாரோ உட்கார்ந்து ஒழுங்காகக் கலவை எழுதியிருக்கிறார்கள்.

அதற்கு இரண்டு வருடம் முன்பே, செர்பியாவின் ஜடார் பள்ளத்தாக்கில் ரியோ டின்டோ நிறுவனத்தினர் துளையிட்டு எடுத்த பாறையில் இனம் தெரியாத வெள்ளைக் கனிமம் ஒன்று கிடைத்திருந்தது. அது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் கிறிஸ் ஸ்டான்லியிடம் போனது. படிகங்கள் மிக நுண்ணியவை என்பதால் கட்டமைப்பை அறியக் கனடா விஞ்ஞானிகளின் உதவியும் தேவைப்பட்டது. முடிவில் வந்தது சோடியம் லித்தியம் போரான் சிலிகேட் ஹைட்ராக்சைடு. இதற்கு முன் யாராவது இப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறார்களா என்று ஸ்டான்லி இணையத்தில் தேடியபோது எதிரே வந்து நின்றது அந்தப் படத்தின் பெட்டி. ஃபுளோரின் மட்டும்தான் இல்லை. கிரிப்டோனைட் என்று பெயர் வைக்க முடியாது. கிரிப்டான் என்பது ராம்சே 1898-இல் கண்டறிந்த வாயு, அது இந்தக் கல்லில் இல்லை. கிடைத்த இடத்தை வைத்து ஜடாரைட் என்று 2007-இல் உலகுக்கு அறிவித்தார்கள். பச்சையாக ஒளிராது; வெண்மாவாக இருக்கும். புற ஊதா ஒளியில் காட்டினால் இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் கலந்த ஒரு நிறத்தில் மலரும். கிரிப்டோனைட்டின் பச்சையைவிட அந்த நிறம்தான் எனக்கு அழகு. யாரும் வேண்டிக் கேட்காத நிறம் அது.

விண்கல்லாக வந்து விழுந்த கிரிப்டோனைட்டுக்கு மேலே வயல் வைத்திருப்பவர் என்று யாரும் இல்லை. ஜடாரைட்டுக்கு மேலே இருக்கிறார்கள். மின்கலங்களுக்கு வேண்டிய லித்தியம் அதில் இருப்பதால் நிறுவனம் சுரங்கம் தோண்ட முனைந்தது. தண்ணீரும் நிலமும் கெடும் என்று அங்குள்ள லோஸ்னிட்ஸா ஊர்ப் பக்கத்து மக்கள் எதிர்த்தார்கள். 2021-இன் கடைசியில் நாடெங்கும் சாலைகளை மறித்தார்கள். 2022 ஜனவரியில் அரசு அனுமதியைத் திரும்பப் பெற்றது. 2024 ஜூலையில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்த முடிவு செல்லாது என்றது. அடுத்த மாதமே பெல்கிரேட் தெருக்களில் மறுபடி பெருங்கூட்டம் இறங்கியது.